விடை பிழைத்தால் எங்கே பார்ப்பது? நிகழ்தகவும் எண்ணுதலும், அறிகுறி வாரியாக

மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றால் உருட்டிக்கொண்டு திருத்துகிற பாசிடம் போகிறோம். அவர் எடுத்தவுடன் எஞ்சினைப் பிரிக்க மாட்டார். "எப்படி நின்டது?" என்று கேட்பார். இழுத்து இழுத்து நின்றதா, பட்டென்று நின்றதா, நிற்க முன் புகை வந்ததா? பதிலைக் கேட்டுவிட்டு நேரே பிளக்குக்கோ காபரேட்டருக்கோ கையைக் கொண்டு போவார்.

கணக்கில் நாம் அப்படிச் செய்வதில்லை. விடை பிழைத்ததும் முழுவதையும் வெட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்குகிறோம். அதே பிழையை இன்னும் அழகான கையெழுத்தில் செய்கிறோம். மட்டக்களப்பு, கல்லடியில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு, நிகழ்தகவுப் பாடம் நடக்கும் நாட்களில் தினமும் இதுதான் காட்சி. உண்மையில் எங்கே பிழைத்தது என்பதைப் பிழையான விடையே சொல்லிவிடும். 1ஐத் தாண்டினால் ஒரு காரணம், சரியான விடையில் பாதி வந்தால் வேறொன்று, ஆறு மடங்கு வந்தால் இன்னொன்று. உங்கள் விடைக்கு வந்த நோயைக் கீழே தேடி அந்த இடத்தை மட்டும் வாசித்தாலும் போதும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை. எதை எண்ணுகிறீர்களோ அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, வாயால் முழுதாகச் சொல்லிப் பாருங்கள். "சிவப்புக் கட்டையில் 3, வெள்ளைக் கட்டையில் 4." "முதல் இஞ்சி டொபி, மறுகா (பிறகு) பால் டொபி." அப்படிச் சொல்ல வரவில்லை என்றால் சூத்திரம் எழுதும் நேரம் இன்னும் வரவில்லை. பாஸ் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மாதிரி இது. கீழே உள்ளவற்றில் பாதி இங்கேயே பிடிபடும்.

விடை 1ஐத் தாண்டிவிட்டது

பிழைகளில் இது நல்ல பிழை, ஒளிந்திருக்காது. நிகழ்தகவு, அதாவது ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது, 0 முதல் 1 வரைதான்.

ஒரு வகுப்பில் 40 பேர். 25 பேர் கிரிக்கெட் விளையாடுவார்கள், 22 பேர் எல்லே விளையாடுவார்கள், 12 பேர் இரண்டும். எழுமாற்றாக (பார்க்காமல், எல்லாருக்கும் சம வாய்ப்போடு) ஒருவரைத் தெரிவு செய்தால் அவர் கிரிக்கெட் அல்லது எல்லே விளையாடுபவராக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? 25ஐயும் 22ஐயும் கூட்டி 47/40 என்று எழுதிவிடுகிறார்கள். 40 பேர் உள்ள வகுப்பில் 47 பேர் எப்படி விளையாடுவது? அந்த 12 பேரின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. அவர்களை இரண்டு தரம் எண்ணியிருக்கிறோம். ஒரு தரம் கழித்தால் 35, விடை 35/40, அதாவது 7/8. வென் வரிப்படம் (ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு வட்டம்) கீறுவதென்றால் நடுவில் உள்ள 12ஐ முதலில் நிரப்புங்கள். பிறகு கிரிக்கெட் மட்டும் 13, எல்லே மட்டும் 10, வெளியே 5. நான்கையும் கூட்டினால் 40 வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி.

இதே பிழை சின்ன எண்களில் வந்தால்தான் பயம். 40 பேரில் 15, 12, பொது 6 என்று இருந்தால் பிழையான விடை 27/40. பார்க்க மிகவும் மரியாதையான விடை, யாருக்கும் சந்தேகம் வராது. சரியானது 21/40. ஆகவே "அல்லது" என்ற சொல்லைக் கண்டதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டிலும் இருக்கிற ஆள் இருக்கலாமா? இருக்கவே முடியாது என்றால் அவை தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள், சும்மா கூட்டலாம்.

ஒவ்வொரு விளைவையும் ஒரு கிளையாகக் கீறும் மரவரிப்படக் கணக்கில் 1ஐத் தாண்டினால் காரணம் வேறு. கிளை வழியே போகும்போது பெருக்காமல் கூட்டியிருப்பீர்கள். அதற்குக் கீழே டொபிக் கணக்குக்குப் போங்கள்.

"இரண்டில் ஒன்றுதானே சேர், அப்போ 1/2"

கண்ணகி அம்மன் வழிபாட்டோடு வரும் கொம்புமுறி விளையாட்டை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேள்விப்பட்டாவது இருப்பார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி இழுப்பார்கள். எந்தப் பக்கக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. முடிவு இரண்டேதான், அதனால் ஆளுக்கு 1/2 என்று யாராவது சொன்னால் கொம்பு வெட்டிக்கொண்டு வந்தவர் சிரிப்பார். எந்த மரம், எவ்வளவு வைரம் பாய்ந்தது, வளைவு எந்த இடத்தில் என்று அவருக்குத் தெரியும்.

சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுக்கலாம் என்ற விதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லா விளைவுக்கும் வாய்ப்புச் சமமாக இருக்க வேண்டும். வினாத்தாளில் "கோடாத நாணயம்", "கோடாத தாயக்கட்டை" என்று போடுவது அதற்காகத்தான். அந்தச் சொல்லை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். வீட்டில் தாயம் விளையாடும் சோகி (சோழி) கிடந்தால் ஒன்றை எடுத்து 50 தரம் உருட்டி, வாய் மேலே பார்க்க விழுந்த தடவைகளை எண்ணி 50ஆல் வகுத்துப் பாருங்கள். அது பரிசோதனையில் கண்ட நிகழ்தகவு. 1/2க்குக் கிட்ட வர வேண்டும் என்று சோகிக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

இந்தப் பிழையில் விழுந்தவர்களில் சாதாரண ஆட்கள் மட்டும் இல்லை. பிரெஞ்சுக் கணித அறிஞர் தலம்பேர் 1754இல் வெளியான கலைக்களஞ்சியக் கட்டுரையில் நாணயத்தை இரண்டு தரம் சுண்டும் கணக்கைப் பேசினார். குறைந்தது ஒரு தலையாவது விழ வேண்டும். முதல் தரமே தலை விழுந்தால் காரியம் முடிந்தது, இரண்டாம் தரம் சுண்டத் தேவையில்லை. ஆகவே விளைவுகள் மூன்று: தலை, பூ-தலை, பூ-பூ. மூன்றில் இரண்டு சாதகம், விடை 2/3 என்றார். சரியான விடை 3/4. மூன்று விளைவு என்பது சரிதான், மூன்றும் சமம் என்பதுதான் பிழை. முதல் தரமே தலை விழுவதற்கு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4. கூட்டினால் 1/2 + 1/4 = 3/4. என் வகுப்பில் யாராவது 2/3 என்று சொன்னால் நான் ஏசுவதில்லை. பெரிய ஆளுடைய பிழை என்று சொல்லிவிட்டுத்தான் திருத்துவேன்.

இரண்டு தாயக்கட்டைக் கணக்கில் 21, அல்லது 11, பகுதியில் வந்துவிட்டது

இரண்டு கட்டைகளை உருட்டிக் கூட்டுத்தொகை பார்த்தால் 2 முதல் 12 வரை 11 எண்கள். அதனால் 7 வருவதற்கு 1/11 என்று எழுதினால் நோய் மேலே சொன்னதுதான். 21 வந்தால் அது இன்னும் சுவாரசியமானது.

தரம் 10 பிள்ளை ஒருத்தி என்னோடு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றாள். "3உம் 4உம் விழுந்தாலும் 4உம் 3உம் விழுந்தாலும் கண்ணுக்கு ஒன்றுதானே சேர்? ஏன் இரண்டாக எண்ண வேணும்?" நல்ல கேள்வி. சோடிகளை அவள் சொன்னபடி எண்ணினால் 21 வரும். என் பையில் இருந்த இரண்டு கட்டையும் வெள்ளை. பக்கத்துப் பிள்ளையிடம் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) வாங்கி ஒன்றை மட்டும் சிவப்பாக்கிக் காயவைத்தேன்.

"இப்ப சிவப்பில் 3, வெள்ளையில் 4. சிவப்பில் 4, வெள்ளையில் 3. ஒன்றா இரண்டா?"

"இரண்டு."

"நிறம் அடித்ததால் கட்டை உருளுற விதம் மாறினதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்லை சேர்."

"அப்போ அடிக்க முன்னமும் அது இரண்டு கட்டைதானே, மகள்?"

நமக்கு வித்தியாசம் தெரியாதது நம் கண்ணின் பிரச்சினை, கட்டைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. 6×6 நெய்யரி கீறினால் 36 கட்டம். 7 வரும் கட்டங்கள் மூலைவிட்டமாக 6, ஆகவே 6/36 = 1/6. 2 வருவது ஒரே ஒரு கட்டத்தில்.

இதை விளங்கியதும் சிலர் மறுபக்கம் விழுவார்கள். எல்லாவற்றையும் இரட்டிப்பதுதான் விதி என்று நினைத்து 3-3ஐயும் இரண்டாக எண்ணுவார்கள். கூட்டுத்தொகை 6க்கு 6/36 என்று எழுதியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. 1-5, 5-1, 2-4, 4-2, 3-3 என ஐந்து கட்டம்தான். சிவப்பில் 3, வெள்ளையில் 3 என்பதைத் திருப்பிச் சொன்னாலும் அதே வசனம்தான் வரும்.

சூதாடிகள் இதை அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மூன்று கட்டைகளில் கூட்டுத்தொகை 9ஐ விட 10 கொஞ்சம் அதிகமாக விழுகிறது, ஏன் என்ற கேள்வி கலிலியோவிடம் வந்தது. 9ஐ எழுத ஆறு வழி: 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. 10ஐ எழுதவும் ஆறு வழி: 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. ஆறுக்கு ஆறு, பிறகு என்ன வித்தியாசம்? கட்டைகளுக்கு மூன்று நிறம் கொடுத்துப் பாருங்கள். மூன்றும் வெவ்வேறு எண் என்றால் 6 விதம், இரண்டு ஒரே எண் என்றால் 3 விதம், மூன்றும் ஒன்று என்றால் 1 விதம். 9க்கு 6+6+3+3+6+1 = 25. 10க்கு 6+6+3+6+3+3 = 27. மொத்தம் 216இல் வித்தியாசம் இரண்டே இரண்டு. அதை வெறும் கண்ணால் கவனிக்க எத்தனை இரவு உருட்டியிருப்பார்களோ!

மரவரிப்படத்தின் நுனிகளைக் கூட்டினால் 1 வரவில்லை

முதலில் இந்தக் கணக்கை மாம்பழத்தில்தான் கொடுத்தேன்: கூடையில் 5 பழம், 3 காய், பார்க்காமல் ஒன்றை எடு. பின் வாங்கில் இருந்த ஒருவன் கையை உயர்த்தினான். "தொட்டாலே பழம் எது, காய் எது என்று தெரியும் சேர்." அவன் சொன்னது சரி, அது எழுமாற்றாக எடுப்பது இல்லை. அன்றிலிருந்து ஒரே மாதிரித் தாள் சுற்றிய டொபிக்கு மாறிவிட்டேன்.

பையில் 5 இஞ்சி டொபி, 3 பால் டொபி. ஒன்றை எடுத்துத் தின்கிறீர்கள், மறுகா இன்னொன்றை எடுக்கிறீர்கள். முதல் கிளைகள் 5/8, 3/8. இரண்டாம் கிளைகளிலும் 5/8, 3/8 என்றே எழுதியிருந்தால் தின்ற டொபியைத் திரும்பப் பையில் போட்டிருக்கிறீர்கள்! இப்போது பையில் இருப்பது 7. முதலில் இஞ்சி போயிருந்தால் 4/7, 3/7. முதலில் பால் போயிருந்தால் 5/7, 2/7.

இந்த இடத்தில் அரைகுறையாகத் திருத்துபவர்கள்தான் அதிகம். கீழே 8ஐ 7 ஆக்குவார்கள், மேலே உள்ள 5ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். 5/7, 3/7 என்று இரண்டு கிளை. கூட்டினால் 8/7. ஒரே முனையில் இருந்து பிரியும் கிளைகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1 ஆக வேண்டும் என்பதை எழுதும்போதே பார்த்துவிட்டால் இது தப்பவே தப்பாது.

நுனிகள்: இஞ்சி-இஞ்சி 5/8 × 4/7 = 20/56. இஞ்சி-பால் 15/56. பால்-இஞ்சி 15/56. பால்-பால் 6/56. கூட்டினால் 56/56. இந்தக் கூட்டலுக்கு அரை நிமிடம் போகும். பரீட்சை மண்டபத்தில் அரை நிமிடம் கொடுத்து இவ்வளவு நிம்மதி வாங்க வேறு இடம் கிடையாது.

திரும்ப வைத்துவிட்டு எடுக்கும் கணக்கு என்றால் இரண்டாம் கிளைகள் மாறாமல் 5/8, 3/8 தான். வினாவில் "மீள வைத்து" என்று இருக்கிறதா, "மீள வைக்காமல்" என்று இருக்கிறதா என்பதன் கீழே கோடு போடுங்கள். அந்தச் சொல்லே இல்லை என்றால் கதையைப் பாருங்கள். தின்ற டொபி திரும்பி வராது.

விடை சரியானதில் பாதியாக வந்திருக்கிறது

அதே பை. "ஒன்று இஞ்சி, ஒன்று பால்" கிடைப்பதற்கான நிகழ்தகவு கேட்டால் 15/56 என்று எழுதுகிறார்கள். ஒரு கிளை வழியே மட்டும் போய்விட்டுத் திரும்பிவிட்டார்கள். பால் முதலில் வந்து இஞ்சி பிறகு வந்தாலும் கையில் அதே இரண்டு டொபிதானே? 15/56 + 15/56 = 30/56. வினாவில் "முதலாவது இஞ்சியும் இரண்டாவது பாலும்" என்று வரிசை சொல்லியிருந்தால் மட்டும் 15/56.

"குறைந்தது ஒன்று" என்ற கணக்கு பக்கம் தாண்டியும் முடியவில்லை

எதிரானதைக் கண்டுபிடித்து 1இலிருந்து கழியுங்கள். "குறைந்தது ஒன்று" என்பதன் எதிர் "ஒன்றுமே இல்லை".

ஒரு கட்டையை நான்கு தரம் உருட்டிக் குறைந்தது ஒரு 6 விழ வேண்டும். 1/6ஐ நான்கு தரம் கூட்டி 4/6 என்பார்கள். அதே முறையில் ஏழு தரம் உருட்டிப் பாருங்கள், 7/6 வந்துவிடும். பிழையான முறையைப் பெரிய எண்ணில் ஓட்டிப் பார்த்தால் அது தானாகவே மாட்டிக்கொள்ளும், இந்தத் தந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சரியான வழி: ஒரு தரம் 6 விழாமல் இருக்க 5/6. நான்கு தரமும் விழாமல் இருக்க 625/1296. ஆகவே குறைந்தது ஒரு 6 விழ 671/1296, பாதியை விடக் கொஞ்சம் கூட. இரண்டு கட்டைகளை 24 தரம் உருட்டிக் குறைந்தது ஒரு தரம் இரட்டை 6 விழ வேண்டும் என்றால் இதே வழியில் கிட்டத்தட்ட 0.491 வரும், பாதியை விடக் கொஞ்சம் குறைவு. மெரே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த மாதிரிச் சூதாட்டக் கேள்விகளைக் கொண்டுபோய் கணித அறிஞர் பஸ்காலிடம் கேட்டார். 1654இல் பஸ்காலும் இன்னொரு கணித அறிஞரான பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இருந்துதான் இந்தப் பாடம் வளர்ந்தது.

கூட்டுவதா, பெருக்குவதா என்று தெரியவில்லை

இதற்கு எங்கள் ஊர்ப் பேச்சிலேயே மருந்து இருக்கிறது. கணக்கை வீட்டில் பேசுகிற மாதிரிச் சொல்லிப் பாருங்கள். "மறுகா" வந்தால் பெருக்கு, "இல்லாட்டி" வந்தால் கூட்டு.

மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்குப் போக 3 வழி, கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்குப் போக 2 வழி என்று வைப்போம். கல்முனைக்குப் போய், மறுகா அக்கரைப்பற்றுக்கு: 3 × 2 = 6. இல்லாட்டி, கல்முனையில் இறங்காமல் நேரே போகிற பஸ் 2 இருக்கிறது என்றால்: 6 + 2 = 8. மரவரிப்படத்திலும் இதே சங்கதிதான். கிளை வழியே போவது மறுகா, நுனிக்கு நுனி தாவுவது இல்லாட்டி. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்யும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். முதலில் சிரிப்பார்கள், பிறகு கொப்பியின் ஓரத்தில் ம, இ என்று குறித்து வைத்திருப்பார்கள்.

"இல்லாட்டி"யின் இரண்டு பக்கமும் ஒரே ஆள் நிற்கக்கூடாது என்ற நிபந்தனை மட்டும் இங்கும் உண்டு.

எண்ணிக்கை 2 மடங்கு, 6 மடங்கு, 24 மடங்கு கூடிவிட்டது

இந்த எண்களைக் கண்டாலே காரணம் தெரிந்துவிடும். வரிசை தேவையில்லாத இடத்தில் வரிசையையும் எண்ணியிருக்கிறீர்கள். 2 மடங்கு என்றால் இரண்டு பேரை, 6 மடங்கு என்றால் மூன்று பேரை, 24 என்றால் நான்கு பேரை.

10 பேரில் 3 பேரைத் தெரிய வேண்டும். கோயில் நிர்வாகத்துக்கு வண்ணக்கர் (தலைவர்), செயலாளர், பொருளாளர் என்றால் 10 × 9 × 8 = 720. கோயில் வளவைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு மூன்று பேர் என்றால் 720ஐ 6ஆல் வகுத்து 120. முன்னையது வரிசைமாற்றம், பின்னையது சேர்மானம். எது எது என்று குழம்பினால் இரண்டு பேரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். யாராவது சண்டைக்கு வருவார்களா? வண்ணக்கரையும் செயலாளரையும் இடம் மாற்றினால் ஊர் சும்மா விடாது, ஆகவே வரிசை முக்கியம். மண்வெட்டி பிடிக்கிற இரண்டு பேரை இடம் மாற்றினால் யாருக்கு என்ன?

நிகழ்தகவோடு சேரும்போது இது வேறு முகம் காட்டும். அந்த 10 பேரில் 6 பெண்கள், 4 ஆண்கள். எழுமாற்றாக 3 பேரைத் தெரிந்தால் சரியாக 2 பெண்கள் இருக்க நிகழ்தகவு? பெண்களைத் தெரிய 6 × 5 ÷ 2 = 15 விதம், மறுகா ஆணைத் தெரிய 4 விதம், மொத்தம் 60. இதை 720ஆல் வகுத்து 1/12 என்று எழுதிய விடைத்தாள் எத்தனை பார்த்திருப்பேன்! மேலே வரிசை பாராமல் எண்ணிவிட்டுக் கீழே வரிசை பார்த்து எண்ணியிருக்கிறார்கள். 60/120 = 1/2 என்று எடுங்கள், அல்லது இரண்டு இடத்திலும் வரிசை பார்த்து 360/720 என்று எடுங்கள். விடை ஒன்றுதான். மேலும் கீழும் ஒரே கண்ணாடி போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிடத் தந்திரமானது "குறைந்தது 2 பெண்கள்" என்ற கணக்கு. பலர் இப்படிச் செய்வார்கள்: முதலில் 2 பெண்களைத் தெரி, 15 விதம். மீதி 8 பேரில் யாரையாவது ஒருவரை எடு, 8 விதம். 15 × 8 = 120. பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் இருக்கிற அணிகள் மொத்தமே 120. மூன்று ஆண்கள் உள்ள அணியிலும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று ஆகிவிட்டதே. எங்கே பிழைத்தது என்றால், மூன்று பேரும் பெண்களாக உள்ள அணியை மூன்று தரம் எண்ணியிருக்கிறோம். அந்த மூவரில் யாரை "மீதியில் எடுத்த ஒருவர்" என்று வைத்தாலும் அதே அணிதான். சரியான எண்ணிக்கை: 2 பெண்களும் 1 ஆணும் 60, இல்லாட்டி 3 பெண்கள் 20, மொத்தம் 80. "குறைந்தது" என்ற சொல்லுக்கு வகை பிரித்துக் கூட்டுவதுதான் பாதுகாப்பு, இல்லாவிட்டால் எதிரானதைக் கழிப்பது. இரண்டு கட்டமாக அள்ளிப்போடும் குறுக்கு வழியில் போகாதீர்கள்.

எழுத்துகளை அடுக்கும் கணக்கு இரட்டிப்பாக வருகிறது

"மாமாங்கம்" என்ற பெயரில் ஐந்து எழுத்து: மா, மா, ங், க, ம். அட்டைகளாக வெட்டி வரிசையில் வைத்தால் எத்தனை விதம்? 5! = 5 × 4 × 3 × 2 × 1 = 120 என்று விட்டால் இரண்டு மா-வையும் வேறு வேறாக எண்ணியிருக்கிறீர்கள். இங்கே கேட்பது வாசிக்கும்போது தெரியும் வரிசைகளைத்தான், ஆகவே 120/2 = 60.

"தாயக்கட்டையில் பிரித்து எண்ணச் சொன்னீங்க, இங்க சேர்த்து எண்ணச் சொல்றீங்க" என்று அந்தக் கியூட்டெக்ஸ் பிள்ளை விடவில்லை. அங்கே நிகழ்தகவு கேட்டார்கள், சம வாய்ப்புள்ள விளைவுகள் தேவைப்பட்டன. இங்கே வெறும் எண்ணிக்கை கேட்கிறார்கள், வேறாகத் தெரிவதை மட்டும் எண்ணினால் போதும். கேள்வி மாறினால் "ஒன்று" என்பதன் பொருளும் மாறும். அதனால்தான் ஒன்றை வாயால் சொல்லிப் பார்க்கச் சொன்னது.

புள்ளி வைத்த எழுத்து முதலில் வரக்கூடாது என்று நிபந்தனை போட்டால்? ங் முதலில் வருவது 12, ம் முதலில் வருவது 12. 60 − 24 = 36. மறுபக்கத்தால் வந்து பாருங்கள்: மா முதலில் 24, க முதலில் 12. அதே 36.

மூன்று இலக்க எண்ணில் பூச்சியம் முன்னுக்கு வந்துவிட்டது

0, 1, 2, 3, 4 ஆகிய இலக்கங்களை ஒரு தரம் மட்டும் பயன்படுத்தி மூன்று இலக்க எண் எத்தனை? 5 × 4 × 3 = 60 என்றால் 012 போன்றவையும் உள்ளே வந்துவிட்டன. நூறாம் இடத்துக்கு 4 தெரிவு, பிறகு 4, பிறகு 3: மொத்தம் 48. மட்டக்களப்புத் தொலைபேசி இலக்கம் 065 என்று பூச்சியத்தில்தான் தொடங்குகிறது, அங்கே அது செல்லும். மூன்று இலக்க எண் என்றால் செல்லாது.

இவற்றில் இரட்டை எண்கள் எத்தனை என்று கேட்டால் பலர் நடுவில் சிக்கிக்கொள்வார்கள். ஒன்றாம் இடத்தில் பூச்சியம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து நூறாம் இடத்தின் தெரிவு மாறுகிறது. ஆக நெருக்கமான பெட்டியை முதலில் நிரப்பி, வகை பிரியுங்கள். ஒன்றாம் இடம் 0 என்றால் 4 × 3 = 12. ஒன்றாம் இடம் 2 அல்லது 4 என்றால் 2 × 3 × 3 = 18. மொத்தம் 30. ஒற்றை எண்கள் 2 × 3 × 3 = 18. 30உம் 18உம் 48.

"நாலு தரம் தலை விழுந்துட்டு, இனிப் பூதான்"

நாணயத்துக்கு ஞாபகம் இல்லை. ஐந்தாம் தரமும் 1/2 தான். 1913இல் மொன்றே காலோ சூதாட்ட மண்டபத்தில் சிவப்பும் கறுப்பும் உள்ள ரூலெட் சக்கரத்தில் கறுப்பே 26 தரம் தொடர்ந்து விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று காசைக் கொட்டியவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

"புறநீங்கும்", "சாரா" இரண்டும் ஒன்றுதான் போல இருக்கிறது

கிட்டத்தட்ட எதிர்மாறானவை. ஒரு கட்டையை உருட்டுங்கள். இரட்டை எண் விழுவதும் 1, 3 ஆகியவற்றில் ஒன்று விழுவதும் ஒன்றாக நடக்க முடியாது: புறநீங்கும். ஒன்று நடந்தது தெரிந்தால் மற்றது நடக்கவில்லை என்பதும் தெரிந்துவிடுகிறது, பிறகு எப்படிச் சாராமல் இருக்கும்? இரட்டை எண் விழுவதும் 1, 2 ஆகியவற்றில் ஒன்று விழுவதும் என்று பாருங்கள். 1/2 × 1/3 = 1/6. இரண்டும் சேர்ந்து நடப்பது 2 விழுந்தால் மட்டும், அதுவும் 1/6. இவை சாரா நிகழ்ச்சிகள்: ஒன்று நடந்தது தெரிந்தாலும் மற்றதன் வாய்ப்பு மாறாது.

உங்கள் விடையை இங்கே ஓட்டிப் பாருங்கள்

ஒரு பெட்டியில் 4 நீலப் பேனை, 2 சிவப்புப் பேனை. பார்க்காமல் இரண்டை எடுக்கிறீர்கள். வேறு வேறு நிறம் வருவதற்கான நிகழ்தகவு என்ன? செய்து முடித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

16/15 வந்தால் கிளை வழியே கூட்டியிருக்கிறீர்கள், 4/6 + 2/5. "மறுகா" எங்கே போனது? 1/3 வந்தால் நீலம்-நீலம், நீலம்-சிவப்பு, சிவப்பு-சிவப்பு என மூன்றையும் சமமாக வைத்திருக்கிறீர்கள், தலம்பேரிடம் திரும்பிப் போங்கள். 4/9 வந்தால் முதல் பேனை திரும்பப் பெட்டிக்குள் போயிருக்கிறது. 4/15 வந்தால் சிவப்பு முதலில் வருவதை விட்டுவிட்டீர்கள், அல்லது மேலே ஒரு கண்ணாடி, கீழே இன்னொரு கண்ணாடி. 8/15 வந்தவர்கள் பேனையை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.